பிழைப் பதிவேடும் அதன் பயனும்

நூல் வெளியிடுவோர் தம் நூலின் முகப்பிலேனும் இறுதியிலேனும் ‘பிழையும் திருத்தமும்’ என்றொரு பக்கம் சேர்ப்பது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். எத்துணைக் கண்ணுங் கருத்துமாய் மெய்ப்புப் பார்த்தாலும், ஓரெழுத்து மாறியும் ஓரடி விடுபட்டும் போதல் இயல்பே. அதனை மறைத்து வைப்பவர் நல்ல பதிப்பாசிரியர் ஆகார். இன்ன பக்கத்து இன்ன வரியில் இது பிழை, இது திருத்தம் என எடுத்துரைப்பவரையே கற்றோர் போற்றுவர். இம்முறை அச்சு நூலுக்கு மட்டும் உரியதன்று. இக்காலத்து வாணிகம், மருத்துவம், அஞ்சல், கல்வி ஆகிய அனைத்தையும் நடத்துகின்ற கணிப்பொறிகளின் மென்பொருளுக்கும் அது இன்றியமையாதது. அத்துறையினர் அதனைப் ‘பக் டிராக்கர்’ என்பர். யாம் பிழைப் பதிவேடு என்போம். அப்பதிவேடு யாது, அது தேடுதற்கு எளியதாய் இருத்தல் ஏன் வேண்டும், அங்ஙனம் இல்லாதபோது விளையும் தீங்கு யாது என்பவற்றை ஒரு தமிழ் மாணவன் அறிந்த அளவில் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இத்துறையில் எனக்கு நாட்டம் உண்டானது ஒரு சிறு இடர்ப்பாட்டினால். புறநானூற்றிலே ஔவையார் பாடியன 33 பாடல்கள் என ஆசிரியர் கூறக் கேட்டு, அவற்றை ஒருங்கே காணும் விருப்பினால், மின்னூலாகக் கிடைத்த ஒரு படியைத் திறந்து, ‘ஔவையார்’ என்று எழுதித் தேடினேன். ஓரிடத்தேனும் அப்பெயர் இல்லை என்று பொறி விடையிறுத்தது. யான் எழுத்தை மாற்றி எழுதினேனோ, தேடும் முறை அறியேனோ என்று ஐயுற்று, ஒரு மாலைப்பொழுது முழுவதும் வீணே கழித்தேன். இறுதியில் பாட்டுக்களை ஒவ்வொன்றாய்ப் புரட்டியபோது, அப்பெயர் அங்கே கண்முன்னே நின்றது. என்றாலும் அதனைத் தட்டெழுதியவர் ‘ஔ’ என்னும் ஓரெழுத்தை இடாமல், ‘ஒ’ என்னும் எழுத்தையும் ‘ள’ என்னும் எழுத்தையும் அடுத்தடுத்து இட்டிருந்தார். நம் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. பொறிக்கோ, எழுத்துக்கள் எல்லாம் எண்கள். ‘ஔ’ ஓரெண், ‘ஒள’ ஈரெண். ஆதலின் இரண்டும் வேறு சொற்களென அது கொண்டது.

இதனைச் சில நாட் கழித்து எனக்கு இரண்டாண்டு மூத்த மாணவர் ஒருவரிடம் கூறினேன். அவர் நகைத்து, “தம்பி, யானும் இதே குழியில் விழுந்தவன்தான்” என்று தம் பழைய குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார். அதன் ஓரத்திலே, நான் கண்டறிந்தது அத்தனையும் அவர் கையெழுத்தில் இருந்தது. அவருக்கு முன்னும் பின்னும் எத்தனை மாணவர் இங்ஙனம் உழன்றனரோ! ஒவ்வொருவரும் குற்றம் தம்முடையதே என எண்ணியிருப்பர். கண்டறிந்தவரும் தம் ஏட்டின் ஓரத்தே குறித்து அமைந்திருப்பர். பிழையோ, இருந்தபடியே இருந்தது. பிழையைக் காண்பது மட்டும் போதாது, அதனைப் பதிய வேண்டும். பதிவது மட்டும் போதாது, பிறர் தேடிக் காணுமிடத்தே பதிய வேண்டும் என்னும் உண்மை அன்றுதான் எனக்குப் புலனாயிற்று.

நிற்க. மென்பொருள் என்பது யாது? கணிப்பொறி இன்ன வேளையில் இன்னது செய்க என வரிவரியாய் எழுதப்பட்ட கட்டளைத் தொகுதியே மென்பொருள். அது பல்லாயிரம் வரியாகவும், சில வேளைகளில் பல இலட்சம் வரியாகவும் விரியும். பலர் பல ஊரிலிருந்து எழுதுவர். ஒருவர் எழுதிய பகுதியை மற்றொருவர் முழுதும் அறியார். ஆதலின் அதிற் பிழை புகுதல் தவிர்க்கலாகாதது. அப்பிழையை ஆங்கிலத்தார் ‘பக்’, அஃதாவது பூச்சி, என்பர். தாமஸ் எடிசன் 1878ஆம் ஆண்டு எழுதிய கடிதம் ஒன்றிலேயே, பொறிகளில் தோன்றும் சிறு குறைபாட்டிற்கு இச்சொல்லை ஆண்டிருக்கின்றார். பின்னர் 1947ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9ஆம் நாள், ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தார் அமைத்த ‘மார்க் 2’ என்னும் பெருங்கணிப்பொறி வேலை செய்யாது நின்றபோது, அதன் உள்ளுறுப்பொன்றில் அந்துப்பூச்சி ஒன்று மெய்யாகவே சிக்கியிருக்கக் கண்டனர். அங்கிருந்தோர் அப்பூச்சியை எடுத்தெறிந்துவிடவில்லை. தம் நாட்குறிப்பேட்டில் நேரத்தைக் குறித்து, அப்பூச்சியையே ஒட்டி வைத்து, மெய்யான பூச்சி அகப்பட்டது இதுவே முதன்முறை என நகைச்சுவைபட எழுதினர். அவ்வேடு இன்றும் அமெரிக்க நாட்டு ஸ்மித்சோனியன் காட்சிச்சாலையிற் காக்கப்படுகின்றது. பூச்சியின் கதையை யாவரும் கூறுவர். அது குறித்து வைக்கப்பட்டமையாலன்றோ நாம் அதனை அறிகின்றோம்!

தனியொருவர் தம் பிழைகளைத் தாமே பதிந்து வைத்தமைக்கும் நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. டொனால்டு குநூத் என்னும் பேராசிரியர், தம் நூலின் புதிய பதிப்பு அச்சில் அழகிழந்து வரக் கண்டு மனம் நொந்து, நூல்களை அழகுற அச்சுக்கோப்பதற்கென்றே ‘டெக்’ என்னும் மென்பொருளை 1977ஆம் ஆண்டு முதல் இயற்றினார். அதிற் கண்ட பிழைகளையெல்லாம் வரிசையாய்க் குறித்து வந்து, 1989ஆம் ஆண்டு அப்பட்டியலைக் கட்டுரையாகவே வெளியிட்டார். புதிதாய்ப் பிழை கண்டு தெரிவிப்போர்க்குப் பரிசுத்தொகையும் அனுப்பி வந்தார். பேரறிஞர் ஒருவர் தம் பிழைகளைத் தாமே உலகறியச் செய்ததனால் அவர் பெருமை குன்றிற்றில்லை.

ஆயினும் ஒருவர் ஏடு பலர்க்கு உதவாது. நூற்றுக்கணக்கானோர் கூடி இயற்றும் மென்பொருளுக்குப் பொதுவான பதிவேடு வேண்டும். ‘டெபியன்’ என்னும் கட்டற்ற மென்பொருட் குழுவினர்க்கு, இயான் ஜாக்சன் என்பார் 1994ஆம் ஆண்டிலேயே இத்தகைய பதிவேடு ஒன்றனை அமைத்தார். பிழைகளை மறைத்து வையோம் என்பதனை அக்குழுவினர் 1997ஆம் ஆண்டு தம் கொள்கையாகவே எழுதி வைத்தனர். 1998ஆம் ஆண்டு மொசில்லாக் குழுவினர்க்கென டெர்ரி வைஸ்மன் என்பார் ‘பக்ஸில்லா’ என்னும் பதிவேட்டை இயற்றினார். அதனைப் பின்னர்ப் பல குழுவினரும் தமதாக்கிக் கொண்டனர். இவற்றின் சிறப்பு யாதெனின், இவை இயற்றுவோர்க்கு மட்டுமன்றிப் பயன்படுத்துவோர்க்கும் திறந்திருத்தலே. உலகின் எம்மூலையிலுள்ளவரும் பழைய பதிவுகளைத் தேடலாம், புதியதொன்றைப் பதியலாம்.

இனி, பதிவு ஒன்று எவ்வாறு அமையும் என்பதைக் காண்போம். முதலாவது, ஒவ்வொரு பிழைக்கும் ஓரெண் உண்டு. அவ்வெண் பின்னர் மாறாது. இரண்டாவது, பிழை இன்னதென ஒரு வரியில் உரைக்கும் தலைப்பு. மூன்றாவது, மென்பொருளின் எந்தப் பதிப்பில், எந்தப் பொறியில் அது நேர்ந்தது என்னும் குறிப்பு. நான்காவது, யாது செய்தபோது நேர்ந்தது என்பதனைப் பிறர் செய்து பார்க்கத்தக்க முறையிற் படிப்படியாய் எழுதுதல். ஐந்தாவது, எதிர்பார்த்தது யாது, நிகழ்ந்தது யாது என இரண்டனையும் பிரித்துக் கூறுதல். ஆறாவது, அதன் நிலை: புதியது, உறுதி செய்யப்பட்டது, இன்னாரிடம் ஒப்படைக்கப்பட்டது, திருத்தப்பட்டது, முன்னரே பதிவானது, திருத்தப்படாது என்பன போல்வன. இவற்றின் கீழே, அப்பிழையைப் பற்றிப் பலர் எழுதிய கருத்துக்களும், எந்த மாற்றத்தினால் அது தீர்ந்தது என்னும் குறிப்பும் தொடரும். தீர்ந்த பிழையின் பதிவை அழிப்பதில்லை. நிலையை மட்டும் மாற்றுவர்.

எனக்கு நேர்ந்ததையே இம்முறையில் எழுதிப் பார்ப்போம். ‘தேடல் சரியாக இல்லை’ என்று எழுதினால் யார்க்கும் பயன்படாது. ‘புறநானூற்று மின்னூலில் ஔவையார் பெயர், ஒகரமும் ளகரமுமாய்ப் பிரித்து எழுதப்பட்டமையால், தேடலில் அகப்படவில்லை’ என்பது நல்ல தலைப்பு. ‘ஔ என்னும் ஓரெழுத்தை இட்டுத் தேடினேன், 33 பாடல்கள் வருமென எதிர்பார்த்தேன், ஒன்றும் வரவில்லை, ஒ, ள என ஈரெழுத்தாய் இட்டுத் தேடியபோது வந்தன’ என்பது நல்ல விளக்கம். இதனைப் படிப்பவர் சில நொடியிலே தாமும் செய்து பார்த்து உண்மையை அறிவர். திருத்துவோர்க்கும் யாது செய்ய வேண்டுமென்பது தெளிவாகும். பாதி நோய் நாடியதுபோல், இங்ஙனம் தெளிவுற எழுதப்பட்ட பிழை பாதி தீர்ந்த பிழையே.

பதிந்து வைத்தலுக்கும் தேடிக் காணுதலுக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் ஊரிலேயே யான் கண்டேன். என் தந்தையார் சூலூரை அடுத்த நூற்பாலை ஒன்றிற் பிட்டராகப் பணிபுரிகின்றார். ஆலையில் ஷிப்டுதோறும் ஒரு நோட்டு உண்டு. எந்தப் பொறியில் என்ன பழுது, யார் பார்த்தார், என்ன செய்தார் என்பதெல்லாம் அதில் எழுதப்படும். ஒருமுறை ஒரு நூற்புப் பொறியின் ஒரு பக்கத்தில் மட்டும் இழைகள் ஓயாது அறுந்தன. கதிரை மாற்றினர், உருளையை மாற்றினர், மூன்று நாள் உழைத்தும் தீரவில்லை. பின்னர், பணி ஓய்வு பெற்ற முதிய மேஸ்திரி ஒருவர் தற்செயலாய் வந்தவர், “முன்னொரு தடவை இதே மாதிரி ஆச்சுங்க, ஈரக்காத்து வர்ற குழாயோட மடலைப் பாருங்க” என்றார். பார்த்தனர், மடல் திரும்பியிருந்தமையாற் காற்று நேரே இழைகளின்மேல் அடித்துக் கொண்டிருந்தது. அதனைச் சரிசெய்தவுடன் இழை அறுதல் நின்றது. பின்னர்ப் பழைய நோட்டுக்களைப் புரட்டியபோது, நான்காண்டிற்கு முன் அதே பழுதும் அதே தீர்வும் தெளிவாய் எழுதப்பட்டிருந்தன! எழுதியவர் தம் கடமையைச் செய்திருந்தார். ஆனால் நோட்டு நாள்முறையில் அமைந்தது; நாள் அறியாதவர்க்கு அது வாய்திறவாது.

இவ்விடத்தே நம் மொழி வரலாறு நினைவுக்கு வருகின்றது. திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி முதலிய நிகண்டுகள் சொற்பொருள்களைச் செய்யுளாற் கூறின. அவற்றை மனப்பாடம் செய்தவர்க்கன்றிப் பிறர்க்கு வேண்டிய சொல்லை வேண்டிய பொழுதிற் காண்டல் அரிதாயிருந்தது. வீரமாமுனிவர் 1732ஆம் ஆண்டு சதுரகராதியை இயற்றி, சொற்களை அகர முதலிய எழுத்துவரிசையில் அமைத்தார். அவர் செய்தது புதுச் சொற்களைப் படைத்தலன்று. இருந்த சொற்களை எவரும் காணுமாறு அடுக்கியதே. அதனால் மனப்பாடம் செய்யாதவரும் நூலைத் திறந்து பொருள் காணும் நிலை உண்டாயிற்று. ஆலையின் ஷிப்டு நோட்டு நிகண்டை ஒத்தது. முதிய மேஸ்திரியே அதனை மனப்பாடம் செய்த புலவர். தேடத்தக்க பிழைப் பதிவேடோ அகராதியை ஒத்தது. புலவர் ஊரில் இல்லாத நாளிலும் அது விடை கூறும்.

தேடத்தக்க பதிவேட்டினால் யார் யார்க்கு எவ்வெவ்வாறு பயன் உண்டாம் எனின், முதற்கண் பயன்படுத்துவோர்க்கு. பொறி காட்டும் பிழைச்செய்தியை அப்படியே எழுதித் தேடினால், அதே செய்தியை முன்னர்க் கண்டவர் எழுதியது கிடைக்கும். திருத்தம் இன்னும் வராவிடினும், அதுவரையில் இடரைத் தவிர்க்கும் மாற்றுவழியேனும் அங்கே காணப்படும். இரண்டாவது, புதிதாய்ப் பதிய வந்தவர்க்கு. முன்னரே பதிவு இருப்பின், அவர் புதியது எழுதாமல் அதனோடு தம் அனுபவத்தைச் சேர்ப்பார். இங்ஙனம் ஒரே பிழையைப் பலர் கூறுவது ஓரிடத்தே தொகுக்கப்படுவதால், எத்தனை பேர் வருந்துகின்றனர் என்பதும், எந்தச் சூழ்நிலையில் மட்டும் அது நேர்கின்றது என்பதும் வெளிப்படும். ஒருவர் கூற்றில் விளங்காத காரணம் பத்துப் பேர் கூற்றை ஒப்பிடும்போது விளங்கும். உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு புறநானூற்றைப் பதிப்பித்த காலத்துப் பல சுவடிகளின் பாடங்களை ஒப்புநோக்கியே உண்மைப் பாடத்தைத் துணிந்தார் அல்லரோ? அதுபோலவே இதுவும்.

மூன்றாவது, திருத்துவோர்க்கு. ஒருமுறை தீர்ந்த பிழை, பின்னர் வேறொரு மாற்றம் செய்யும்போது மீண்டும் தலைகாட்டுதல் உண்டு. பழைய பதிவைத் தேடினால், முன்னர் எதனால் வந்தது, எவ்வாறு தீர்ந்தது என்பது உடனே கிடைக்கும். மேலும், இக்கட்டளையை ஏன் இங்ஙனம் வளைத்து எழுதியுள்ளனர் என ஐயுற்று அதனை ‘நேராக்க’ முயல்வோர்க்கு, அவ்வளைவு பழைய பிழை ஒன்றைத் தடுப்பதற்கென இடப்பட்டது என்பதைப் பதிவேடே கூறி எச்சரிக்கும். நான்காவது, புதிதாய்ச் சேர்ந்தோர்க்கு. ஒரு மென்பொருளை அறிய, அதன் சிறப்பைக் கூறும் விளக்கவுரையினும் அதன் பிழைப் பதிவேடு நல்லாசிரியனாம். எங்கெங்கே இடறி விழுந்தனர், எவ்வாறு எழுந்தனர் என்பதை அது மறையாது காட்டுதலின்.

இத்துணைப் பயனுடையதாயினும் தேடலுக்கும் ஓர் எல்லை உண்டு. பிழையைக் கண்டவர் எந்தச் சொல்லால் எழுதினாரோ, தேடுபவர் அந்தச் சொல்லையே இடுவார் என்பது உறுதியன்று. ஒருவர் ‘பொறி உறைந்தது’ என்பார். ஒருவர் ‘அசையவில்லை’ என்பார். மற்றொருவர் ‘ஹேங் ஆயிற்று’ என்பார். பொருள் ஒன்றே, சொல் பல. ஒரு பொருட்குரிய பல பெயர்களைத் தொகுத்த நிகண்டின் வேலை இங்கே மீண்டும் வேண்டப்படுகின்றது. ஆதலின் நல்ல பதிவேட்டினர், பொதுக் குறிச்சொற்களை வரையறுத்து, வந்த பதிவுகளுக்கு அவற்றை இட்டு வைப்பர். தமிழுக்கோ இவ்விடர் இருமடங்கு. ‘கொ’ என்பதனை, இரு கூறும் சேர்ந்த ஒரே குறியாகவும் இடலாம். ஒற்றைக் கொம்பும் காலும் என இரு குறியாகவும் இடலாம். ‘கௌதமன்’ என்பதனை ளகரம் இட்டுக் ‘கெளதமன்’ என எழுதுவோரும் உளர். ‘ஸ்ரீ’ என்பதற்கும், 2005ஆம் ஆண்டு யூனிகோடில் ‘ஶ’ என்னும் எழுத்துத் தனியே சேர்க்கப்பட்ட பின்னர், ஒரே தோற்றமுடைய இரண்டு எழுத்துக்கோவைகள் உண்டாயின. இவற்றை ஒன்றாக்கிய பின்னரே தேடுதல் வேண்டும் என்பதனை அறியாது இயற்றப்பட்ட மென்பொருளிற் சொல் இருந்தும் இல்லாததாய்விடும். தேடலின் பிழையே தேடலால் அகப்படாது நிற்பது வியப்பன்றோ!

இதுகாறும் கூறியவை காலமும் உழைப்பும் வீணாவது பற்றியன. பிழை பதியப்படாமையும், பதிந்ததனை மறைத்தலும் உயிருக்கும் மானத்திற்கும் கேடாய் முடிந்த வரலாறுகளும் உள. கனடா நாட்டில் இயற்றப்பட்ட ‘தெராக் 25’ என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் கருவி. 1985 முதல் 1987 வரையில், அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு நோயாளிகள் அதனால் அளவு கடந்த கதிர்வீச்சைப் பெற்றனர். அவருட் சிலர் உயிரிழந்தனர். ஒவ்வொரு மருத்துவமனையும் தன்னிடத்து நேர்ந்ததனை மட்டுமே அறிந்திருந்தது. மற்றோரிடத்து நேர்ந்ததனைத் தேடி அறியப் பொதுவான பதிவேடு இல்லை. 1986ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் முதல் விபத்து நேர்ந்தபோது, இதுபோன்ற கேடு வேறெங்கும் நேர்ந்ததாக அறியோம் என்றே கருவி இயற்றியோர் கூறினர். அடுத்த திங்களிலேயே அதே இடத்தில் மற்றொருவர் அதற்கு இரையானார். பின்னர் அங்கிருந்த பௌதிக அறிஞர் பிரிட்ஸ் ஹேகர் என்பவரும் கருவியை இயக்கியவரும் மெனக்கெட்டு, எந்த வரிசையில், எத்துணை விரைவில் குறிப்புக்களைத் திருத்தினால் அப்பிழை தோன்றுகின்றது என்பதனைச் செய்து காட்டினர். அதன் பின்னரே காரணம் புலப்பட்டது. ‘பிறர் செய்து பார்க்கத்தக்க முறையிற் படிப்படியாய் எழுதுக’ என மேலே கூறிய விதி எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

மற்றொன்று இங்கிலாந்து தேசத்து அஞ்சற்றுறையின் வரலாறு. 1999ஆம் ஆண்டு முதல் அங்குள்ள அஞ்சலகங்களில் ‘ஹொரைசன்’ என்னும் கணக்கு மென்பொருள் அமைக்கப்பட்டது. அதன் பிழையினாற் கணக்கிற் பணம் குறைவதாகக் காட்டிற்று. சிற்றூர்களில் அஞ்சலகம் நடத்திய துணை அஞ்சல் அதிபர்கள் உதவி கேட்டபோது, இக்குறை உங்களுக்கு மட்டுமே உண்டாயிற்று என்னும் விடையையே பலர் பெற்றனர். இந்திய வழியினரும் அவருட் பலர். திருட்டும் பொய்க்கணக்கும் சாற்றப்பட்டு, 2015ஆம் ஆண்டுக்குள் 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். சிலர் சிறை புகுந்தனர். சிலர் வீடும் வாழ்வும் இழந்தனர். இதில் நெஞ்சை வருத்துவது யாதெனின், அம்மென்பொருளைப் பேணிய பியூஜிட்ஸு நிறுவனத்தாரிடம் ‘அறியப்பட்ட பிழைகளின் ஏடு’ என்றே பெயரிய பதிவேடு இருந்தது! பிழைகள் பதியப்பட்டிருந்தன, தேடவும் தக்கனவாயிருந்தன, துன்புற்றோர்க்கு மட்டும் அது திறக்கப்படவில்லை. ஆலன் பேட்ஸ் என்பார் தலைநின்று 555 பேர் தொடுத்த வழக்கில், மிகுந்த தடைக்குப் பின் அவ்வேடு வெளிவந்தது. 2019ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் நீதிபதி பிரேசர் வழங்கிய தீர்ப்பிற்கு அது பெருந்துணையாயிற்று. 2024ஆம் ஆண்டு தனிச்சட்டம் இயற்றி, அத்தீர்ப்புக்களை நீக்கினர். விளக்கைக் கொளுத்தி மரக்காலின் கீழ் மறைத்து வைத்ததனாலன்றோ இருபதாண்டு இருளில் அம்மக்கள் உழன்றனர்!

பிழையை வெளியிட்டால் மதிப்புக் குறையுமே எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் பொருளற்றது. பதிவேட்டில் ஆயிரம் பிழை காணப்படும் மென்பொருள், ஒன்றும் காணப்படாத மென்பொருளினும் தாழ்ந்ததென்று கொள்ளலாகாது; முன்னதில் தேடினோர் மிகுதி, பின்னதிற் பதிந்தோர் இலர் என்பதே பெரும்பாலும் உண்மை. திருடர்க்கு வழிகாட்டுமே எனச் சிலர் வினவுவர். அது நியாயமான வினா. ஆதலினால்தான், பிறர் பொறியுட் புகுந்து கெடுக்க இடந்தரும் பிழைகளை மட்டும் திருத்தம் வரும்வரையிற் சிலரே காணுமாறு மறைத்து, பின்னர்த் திறந்து வைக்கும் முறையை மொசில்லா முதலிய குழுவினர் கைக்கொண்டுள்ளனர். காலவரையறையோடு மறைத்தல் வேறு. என்றென்றும் மறைத்தல் வேறு. இன்னும், பதிவேட்டைக் குப்பைமேடாக்கும் பதிவாளரும் உளர். தேடாமலே எழுதுதல், தெளிவின்றி எழுதுதல், இயற்றியவரை இகழ்ந்து எழுதுதல் ஆகிய மூன்றும் விலக்கத்தக்கன. குற்றத்தைக் கூறுக, குற்றமுடையார் எனப் பழியற்க.

நம் கல்லூரி மாணவர்க்கு இதனால் உரியதோர் கடமை உண்டு. 1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டத்தினரும், தமிழ் விக்கிமூலத்தின் தொண்டர்களும், ஊதியங் கருதாது நம் பழைய நூல்களை மின்னூலாக்கித் தந்துள்ளனர். விக்கிமூலத்தில் ஒவ்வொரு பக்கமும் மெய்ப்புப் பார்க்கப்படாததா, ஒருவராற் பார்க்கப்பட்டதா, மற்றொருவராலும் சரிபார்க்கப்பட்டதா என்பதனை நிறத்தாற் காட்டுவர். திருத்தங்களின் வரலாறும் அங்கே காணலாம். இத்தகைய இடங்களிற் பிழை கண்டால், நம் குறிப்பேட்டின் ஓரத்தே எழுதி மகிழ்தல் போதாது. முன்னர் யாரேனும் கூறியுள்ளனரா எனத் தேடுவோம். இல்லையெனின், உரிய இடத்தே தெளிவாய்ப் பதிவோம். யானும் என் மூத்த நண்பரும் சேர்ந்து, அவர் ஏட்டின் ஓரத்திலிருந்த குறிப்புக்களையும் என்னுடையனவற்றையும் ஒரு பட்டியலாக்கி, நூற்பெயர், பாட்டெண், காணப்படும் பிழை, வேண்டும் திருத்தம் என நான்கு கூறாய்ப் பகுத்து, தேடத்தக்க வகையில் எழுதத் தொடங்கியுள்ளோம். முதற் பதிவு ஔவையார் பெயரைப் பற்றியதே. முடிந்தவற்றை அவ்வம் மின்னூலை வெளியிட்டோர்க்கு அனுப்பி வருகின்றோம்.

நண்பர்காள், உங்களுள் எவரேனும் நாளை ஒரு மாலைப்பொழுது பொறியின் முன் அமர்ந்து, ‘குற்றம் என்னுடையதே போலும்’ என ஏங்க நேரலாம். அங்ஙனம் ஏங்குமுன் ஒருமுறை தேடிப் பாருங்கள். உங்களுக்கு முன் அதே இடத்தில் இடறியவர் ஒருவர் அங்கே ஒரு வரி எழுதி வைத்திருக்கக்கூடும். அவ்வரி அங்கே இல்லையாயின், அதனை எழுதும் பேறு உங்களுடையதாகுக.